காலியான ஊசி

"குதிரைக்கு நீங்க ஊசி போட்டீங்களா, போடலையா? முதல்ல அதைச் சொல்லுங்க" என்று கேட்டார் லேப் அம்மா.

"தெரியலைம்மா" என்றார் டாக்டர்.

பதினெட்டு நாட்களாக மனைவியிடமும் வக்கீலிடமும் விசாரணைக் குழுவிடமும் அவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது பயமோ வெட்கமோ வருவதில்லை. முன்பின் தெரியாத ஒருவருடைய பல்வலியைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது. காலையில் பல் விளக்கினார், சட்டைக்குப் பொத்தான் போட்டார், மனைவி வைத்த சோற்றைச் சாப்பிட்டார். எதிலும் ருசி இல்லை என்பதைக்கூட அவள் உப்பு போட மறந்த நாளில்தான் கவனித்தார். மறந்ததை அவளே வந்து சொன்ன பிறகு.

டாக்டர் என்றால் குதிரை டாக்டர். பந்தயத் திடலின் லாயங்களில் பத்தொன்பது வருஷ வேலை. வேகமாக ஓடும்போது சில குதிரைகளுக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்து மூக்கு வழியாக வரும். ஓட்டத்துக்கு நான்கு மணி நேரம் முன்னால் ஃபுரோசமைடு என்ற மருந்தைக் கழுத்து ரத்தக்குழாயில் ஏற்றினால் உடம்பிலுள்ள நீர் சிறுநீராக இறங்கும், கசிவும் குறையும். லாயத்தில் அதற்கு நீர் ஊசி என்று பெயர். அந்தத் திடலில் அதற்கு அனுமதி உண்டு. போட்டதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். பந்தய நாள் காலையில் பதினைந்து இருபது குதிரைகளுக்கு அவர் நீர் ஊசி போடுவார்.

லேப் அம்மா அதே திடலின் சோதனைக்கூடத்தை முப்பது வருஷம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவர். குதிரைகளின் சிறுநீரையும் ஜாக்கிகளின் சிறுநீரையும் சோதித்துச் சோதித்து, மனிதர்கள் வாயால் சொல்வதை அரைக்கணக்காக எடுத்துக்கொள்ளப் பழகியவர். திடலில் ஏதாவது சிக்கல் என்றால் இன்னமும் அவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். பக்கத்து நாற்காலியில் நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தவர் அவருடைய மாப்பிள்ளை. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மாமியாருக்கு ஒரு வழக்கு வந்தால் போதும், மனுஷர் உடனே விடுப்புப் போட்டுவிடுவார்.

குழு அனுப்பிய கடிதத்தை லேப் அம்மா உரக்கப் படித்தார். செவலை என்கிற பெண்குதிரை, பிற்பகல் இரண்டு மணி ஓட்டம். கடைசி வளைவில் ஜாக்கி கீழே விழுந்து, பின்னால் வந்த குதிரைகளின் குளம்பில் சிக்கி இறந்துபோனார். செவலையின் மூக்கிலிருந்து ரத்தம் வந்திருந்தது. அதன் சிறுநீரில் நீர் மருந்தின் சுவடே இல்லை. பதிவேட்டிலோ காலை பத்து மணிக்கு ஊசி போட்டதாக டாக்டரின் கையெழுத்து இருக்கிறது. ஆகவே, ஊசி போடாமலே கையெழுத்திட்டார், குதிரை மூச்சுத் திணறித் தடுமாறியது, ஜாக்கி விழுந்தார். வெள்ளிக்கிழமை இறுதி விசாரணை. உரிமம் பறிபோகும், போலீசுக்கும் எழுதுவார்கள். செவலை ஆபத்தான குதிரை என்பதால் அதையும் ஊசி போட்டு முடித்துவிடத் தீர்மானம். அதன் உரிமையாளரும் தலையாட்டிவிட்டார்.

"அன்னைக்குக் காலையில நடந்ததைச் சொல்லுங்க. நினைவிருக்கிறதை மட்டும்."

டாக்டர் சொன்னார். செவலையின் அறை வாசலில் பத்து மில்லி மருந்தை ஊசியில் ஏற்றியது நினைவிருந்தது. அந்த நேரம் கடைசி லாயத்தில் ஒரு குதிரை வயிற்றுவலியில் புரளுகிறது என்று கூப்பிட்டார்கள். அரக்கப் பரக்க ஓடினார். இருபது நிமிஷம் கழித்துத் திரும்பினால் தட்டில் ஊசி காலியாக இருந்தது. போட்டுவிட்டுத்தான் ஓடினோம் போலிருக்கிறது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார். பத்தொன்பது வருஷத்தில் எல்லாக் கழுத்தும் ஒரே கழுத்தாகிவிட்டது. இதற்குப் போட்டோமா, பக்கத்து அறைக் குதிரைக்குப் போட்டோமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"பக்கத்துல யாரும் இல்லையா?"

"லாயக்காரர் இருந்தாரு. முடிஞ்சுதான்னு கேட்டேன். ஊசி காலியா இருக்கு டாக்டர்னாரு. சரின்னு அடுத்த அறைக்குப் போயிட்டேன்."

மாப்பிள்ளை அதற்குள் ஒரு முழுப் பக்கம் எழுதிவிட்டார். எதிரி லாயத்து ஆட்கள் மருந்தைக் கீழே ஊற்றியிருப்பார்கள் என்பது அவர் கட்சி. செவலை தோற்றால் யாருக்கு லாபம் என்று பார்த்தால் ஆள் சிக்கிவிடுவான் என்றார்.

"எழுதி வையுங்க மாப்பிள்ளை, அழிக்க ரப்பரும் பக்கத்துலயே வையுங்க" என்றார் லேப் அம்மா.

மறுநாள் மூவரும் லாயத்துக்குப் போனார்கள். செவலை தன் அறையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. லாயக்காரர் ஐம்பது வயதுக்காரர். தோள்கள் அகலம், பேச்சு குறைவு. இறந்துபோன ஜாக்கி அவருடைய தங்கையின் கணவர். துக்கம் முடிந்த மூன்றாம் நாளே வேலைக்கு வந்துவிட்டாராம். டாக்டரைப் பார்த்ததும் வணக்கம் சொன்னார். முகத்தை மட்டும் குதிரைப் பக்கமாகவே வைத்துக்கொண்டார்.

லேப் அம்மா ஊசியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அன்றைக்கு இந்தக் குதிரையின் வைக்கோல் படுக்கையை எத்தனை தடவை மாற்றினீர்கள் என்று கேட்டார்.

"விடிகாலையில ஒரு தடவைதாம்மா. அப்புறம் மத்தியானம் குதிரையைக் கூட்டிட்டுப் போயிட்டேன்."

"நடுவுல மாத்தலையா?"

"ஈரமில்லையேம்மா."

டாக்டருக்கு அந்த வார்த்தை நன்றாகவே விளங்கியது. நீர் ஊசி போட்ட குதிரை ஒரு மணி நேரத்துக்குள் அறையைக் குளமாக்கிவிடும். பதினைந்து கிலோ நீர் இறங்கும். டாக்டர் வந்துட்டுப் போனா எங்க இடுப்பு ஒடியுது என்று லாயக்காரர்கள் அலுத்துக்கொள்வது வழக்கம். சோதனைத் தாளில் பிழை இருக்கலாம் என்று இதுவரை ஒரு சந்தேகம் இருந்தது. வைக்கோலும் காய்ந்திருந்தது என்றால் செவலைக்கு ஊசி போகவில்லை. ஆக, அவர் போடவில்லை. இது தெரிந்தால் நெஞ்சுக்குள் ஏதாவது இடிந்து விழும் என்று எதிர்பார்த்திருந்தார். ஒன்றும் விழவில்லை. லாயக்காரரின் சட்டையில் மூன்றாவது பொத்தான் வேறு நிறத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தி, "குழு சொன்னது சரியாப் போச்சே அத்தை" என்றார்.

"பாதி சரி. குதிரைக்குள்ள போகலை. ஊசிக்குள்ளயும் இல்லை. அப்ப எங்க போச்சு?"

டாக்டர் போட்டு முடித்த ஊசிகளை எறியும் தட்டை விபத்தன்று எடுத்த புகைப்படம் குழுவின் செயலரிடம் இருந்தது. லேப் அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். தட்டில் பதினாறு ஊசிகள் முனையில் மூடியோடு முழுசாகக் கிடந்தன. ஒன்று மட்டும் இரண்டாகக் கிடந்தது: மருந்துக் குழாய் தனியாக, கூர்முனை தனியாக. கூர்முனையின் மேல் மூடி அப்படியே இருந்தது.

"முனையைக் கழட்டிப் போடுறது உங்க பழக்கமா?"

இல்லை என்றார் டாக்டர். கையில் குத்திவிடும் என்பதால் அவர் கழட்டுவதே கிடையாது. குத்தின கையோடு மூடியைப் போட்டு முழுசாகத்தான் தட்டில் எறிவார்.

"மருந்தைக் கீழே ஊத்தணும்னா முனையைக் கழட்ட வேண்டியதில்லை. மூடியை எடுத்துட்டு அழுத்தினாப் போதும்" என்று லேப் அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மாப்பிள்ளையை ஜாக்கிகளின் எடை அறைக்கு அனுப்பினார். இறந்தவரைப் பற்றி அங்கே என்ன பேசுகிறார்களோ அதையெல்லாம் கேட்டு வரச் சொன்னார். டாக்டருக்கு இது வீண் அலைச்சலாகப் பட்டது.

சாயங்காலம் மாப்பிள்ளை வேர்க்க விறுவிறுக்க வந்தார். இறந்த ஜாக்கியை எல்லாரும் பஞ்சு என்று கூப்பிடுவார்களாம். ஒரு காலத்தில் அப்படி ஒரு லேசான உடம்பு. வயது முப்பத்தைந்தைத் தாண்டியதும் எடை கட்டுக்குள் நிற்கவில்லை. போன வருஷம் எடை குறைக்க நீர் மாத்திரை விழுங்கி, சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். சோதனையில் மாட்டி ஒரு வருஷம் தடையும் வாங்கினார். தடை முடிந்து ஏறிய முதல் குதிரை செவலை. அனுமதித்த எடை ஐம்பத்து மூன்று கிலோ. அன்று காலை ஒன்பதரைக்குத் தராசில் ஏறிப் பார்த்தபோது ஐம்பத்தைந்து கிலோ எண்ணூறு கிராம். பகல் ஒன்றேகாலுக்கு ஐம்பத்திரண்டு எண்ணூறு.

"மூணு கிலோ, அத்தை. நீராவி அறையில உட்கார்ந்திருப்பாருன்னு எடை எழுதுறவர் சொல்றார்."

"நீராவி அறை அன்னைக்குத் திறந்திருந்துச்சா?"

மாப்பிள்ளை முகம் விழுந்துவிட்டது. அதை அவர் கேட்கவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார். குழாய் பழுது, அந்த வாரம் முழுக்கப் பூட்டிக் கிடந்ததாம். உடை மாற்றும் அறையில் துண்டு எடுத்துக் கொடுப்பவர் வேறொன்றும் சொன்னார். பத்தரைக்கும் ஒரு மணிக்கும் நடுவில் பஞ்சு ஏழெட்டுத் தடவை கழிப்பறைக்குப் போனார். உதடு ஒட்டிக்கொண்டது, தண்ணீர் கொடுத்தால் வாய் கொப்பளித்துத் துப்பினார். கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கிறது என்று இரண்டு முறை தேய்த்துவிடச் சொன்னார்.

லேப் அம்மா மேசை மேலிருந்த மாத்திரை டப்பாவைத் தன் பக்கம் இழுத்து வைத்தார். "எனக்கு இதயம் வீக்கு, காலெல்லாம் வீங்கும். காலையில நாற்பது மில்லிகிராம் நீர் மாத்திரை போடுறேன். போட்டா பதினோரு மணி வரைக்கும் வாசப்படி தாண்ட மாட்டேன், மாப்பிள்ளைக்குத் தெரியும். இந்த வீட்டுல அதனாலதான் காலையில யாரும் குளிக்க முடியறதில்லை." மாப்பிள்ளை சிரிக்கவா வேண்டாமா என்று பார்த்தார். லேப் அம்மா டாக்டர் பக்கம் திரும்பினார். "உங்க ஊசியில எவ்வளவு?"

"ஐந்நூறு" என்றார் டாக்டர்.

தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

செத்தவரிடம் சிறுநீர் கேட்கும் வழக்கம் திடலில் இல்லை. ஆகவே அவரை யாரும் சோதிக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனையின்போது எடுத்த ரத்தம் ஒரு குப்பி இருந்தது. மனைவி கையெழுத்துப் போட்டால்தான் தருவார்கள். மாப்பிள்ளை போய்ப் பேசினார். அந்தப் பெண் எதற்கு என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள் என்று திரும்பி வந்து சொன்னார். சொல்லும்போது அவரிடம் வழக்கமான துள்ளல் இல்லை. அன்றைக்கு நோட்டைத் திறக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குச் செயலரின் அறையில் கூடினார்கள். செயலர், டாக்டர், லாயக்காரர், பஞ்சுவின் மனைவி, லேப் அம்மா, மாப்பிள்ளை. மனைவி சுவரோரம் இருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அண்ணன்காரரான லாயக்காரர் உட்கார மறுத்து அவள் பின்னால் நின்றார்.

லேப் அம்மா நிதானமாக, பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி சொல்லிக்கொண்டு போனார். வைக்கோல் ஈரமில்லை, ஆகவே மருந்து குதிரைக்குள் போகவில்லை. முனை மூடியோடு கழன்று கிடந்தது, டாக்டர் கழட்டுகிறவர் இல்லை, ஆகவே அதைக் கழட்டியது வேறு யாரோ. முனையைக் கழட்டுவது எதற்கு? குழாயை வாயில் வைத்துக் குடிப்பதற்கு. அன்று காலை திடலில் ஒரே ஒருவர் மூன்று கிலோ இளைத்தார். ஒரே ஒருவர் ஏழெட்டுத் தடவை கழிப்பறைக்குப் போனார். ரத்தச் சோதனை முடிவு நேற்று வந்தது. அவர் காகிதத்தைச் செயலர் முன்னால் நகர்த்தினார். மருந்து இருந்தது, தாராளமாக.

"இதே மருந்து ஆஸ்பத்திரியில மூச்சு முட்டுற நோயாளியைப் பிழைக்க வைக்குது. குதிரைக்குப் போட அனுமதி இருக்கு, மேல ஏறுறவருக்கு இல்லை. ஏன்னா எடை குறைக்க இதைத் தேடுவாங்க, வேற மருந்தை மறைக்கவும் தேடுவாங்க. தண்ணியோட சேர்ந்து உப்பும் போயிடும். தசை இழுக்கும், இதயம் தப்பித் துடிக்கும்."

"அனுபவப்பட்ட ஜாக்கி ஐந்நூறு குடிப்பாரா? கொஞ்சம் குடிச்சா போதாதா?" என்று செயலர் கேட்டார்.

"அதைத்தான் நானும் ரொம்ப யோசிச்சேன். பாதி ஊசி தட்டுல கிடந்தா டாக்டர் நின்னு பார்ப்பாரு. காலியா கிடந்தா பார்க்க மாட்டாரு. அதனால முழுசையும் குடிக்க வேண்டியதாப் போச்சு."

டாக்டர் தன் கைகளை மேசை மேல் வைத்துக்கொண்டு கேட்டார். எல்லாம் பொருந்தியது. பஞ்சு தன்னை எவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார் என்று மட்டும் தோன்றியது.

லேப் அம்மா ஓட்டத்தின் படத்தைத் திரையில் மெதுவாக ஓடவிட்டார். கடைசி வளைவில் முதலில் தளர்ந்தது இடது கையின் கடிவாளம். பிறகு பஞ்சுவின் தலை முன்னால் சாய்ந்தது. அதுவரை செவலையின் கால் ஒரு அடிகூடப் பிசகவில்லை. அவர் சரிந்த பிறகுதான் அது தடுமாறியது. மிதித்துவிடாமல் இருக்க வெளிப்பக்கம் விலகியதால் வந்த தடுமாற்றம் அது.

"யாரும் பார்க்காம எப்படிக் குடிச்சிருக்க முடியும்?" என்றார் செயலர்.

லேப் அம்மா குழுவின் பதிவைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "நீங்க இவர்கிட்ட மூணு தடவை கேட்டிருக்கீங்க, டாக்டர் ஊசி போட்டாரான்னு. மூணு தடவையும் ஒரே பதில். ஊசி காலியா இருந்துச்சு. டாக்டர்கிட்டயும் அதையேதான் சொல்லியிருக்காரு. போட்டாருன்னு சொன்னா பொய். போடலைன்னு சொன்னா அடுத்த கேள்வி வரும். பொய் சொல்ல வராத மனுஷர் பேசுற பேச்சு இது."

எல்லாரும் லாயக்காரரைப் பார்த்தார்கள். அவர் தங்கையின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வாளியைப் பிடிச்சுட்டு நின்னேன்" என்றார். "மச்சான் குதிரையைப் பார்க்க வந்தவரு தட்டுல ஊசியைப் பார்த்தாரு. வேண்டாம்னு சொன்னேன். இந்த ஒரு தடவை மச்சான்னாரு. கையைப் பிடிச்சுத் தட்டிவிட்டிருக்கலாம். வாளியைக் கீழே வைக்கலை நான்."

டாக்டர் திரும்பி வந்தபோது ஏன் சொல்லவில்லை என்று செயலர் கேட்டார். அதற்குள் ஊசி போடும் நேரம் தாண்டிவிட்டது, சொல்லியிருந்தால் செவலை ஓடாது, பஞ்சுவும் ஓட முடியாது என்றார் லாயக்காரர். ஒரு வருஷம் காத்திருந்து கிடைத்த குதிரை அது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பஞ்சு இனிமேல் இந்த மருந்தைத் தொடமாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் பண்ணியிருந்தார். பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்றவர் அண்ணன். பஞ்சு செத்த பிறகு தங்கை முன்னால் போய் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. டாக்டர் படித்தவர், எப்படியாவது தப்பித்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டாராம்.

பஞ்சுவின் மனைவி அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. முன்னால் குனிந்து திரையைப் பார்த்தாள். படம் செவலை விலகும் இடத்தில் நின்றிருந்தது.

"குதிரை மேல தப்பு இல்லையாம்மா?"

"இல்லைம்மா."

"அப்ப அதைக் கொல்ல வேண்டாம்னு எழுதுங்க" என்று செயலரிடம் சொன்னாள். செயலர் தலையை ஆட்டிவிட்டு உடனே எழுதினார்.

டாக்டர் மீதான குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவதாகச் செயலர் அறிவித்தார். டாக்டர் எழுந்து நின்றார். மருந்து ஏற்றிய ஊசியை விட்டுவிட்டுப் போனதையும், பார்க்காமல் கையெழுத்துப் போட்டதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்றார். அது தேவையில்லை என்று செயலர் சொல்லிப் பார்த்தார். டாக்டர் தானே ஒரு தாளை வாங்கி எழுதிக் கொடுத்தார். பின்னால் அதற்கு ஆறு மாத இடைநீக்கம் வந்தது. செவலையை ஒரு பண்ணைக்கு அனுப்பினார்கள். லாயக்காரர் வேலையை விட்டுவிட்டார். தங்கை அவரோடு பேச வெகுநாள் ஆயிற்று என்று கேள்வி.

அன்றைக்கு வெளியே வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. பஞ்சுவின் மனைவி படியில் டாக்டருக்காக நின்றிருந்தாள். குரலில் கோபம் இல்லை.

"நீங்களாவது அதோட விடாம அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கலாம் டாக்டர். நேராக் கேட்டா எங்க அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது."

"கேட்டிருக்கணும்மா" என்றார் அவர்.

அவள் வாசல் தாண்டி, சாலையைக் கடந்து, பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றாள். டாக்டர் அப்படியே படியில் உட்கார்ந்தார். பின்னால் வந்த மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். எதற்கு என்று டாக்டர் அவரைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் தன் கன்னமும் சட்டைக் காலரும் கண்ணீரில் நனைந்திருப்பது அவருக்குத் தெரிந்தது.